எண்ணுக்கும் ஓர் அட்டை: கல்லூரி நூலகத்தில் தரவறிவு வகுப்பு நடத்துவது எப்படி?

இறுதியாண்டு மாணவி ஒருவர் நூலக மேசைக்கு வந்து, "சார், தமிழ்நாட்டில் எழுத்தறிவு எத்தனை சதவீதம்?" என்று கேட்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டே இதற்கு மூன்று பதில் சொல்லலாம்: 80.33, 80.09, 71.85. மூன்றுமே அரசு எண்களிலிருந்து வருபவைதான். முதலாவது, 2011 மார்ச் இறுதியில் வெளியான தற்காலிக முடிவு. இரண்டாவது, பிறகு வந்த இறுதி முடிவு. மூன்றாவது, எழுத்தறிந்தவர்களின் எண்ணிக்கையைக் கைக்குழந்தைகள் உட்பட மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது. எதை எழுதினாலும் வைவாவில் "ஏன் இது?" என்று கேட்டால் பதில் வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லப் பழக்குவதுதான் தரவறிவு வகுப்பு.

இதற்கு நூலகர் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நூலைக் கையில் எடுத்ததும் பதிப்பு எது, பதிப்பாளர் யார், ஆண்டு என்ன என்று நம் கண் தானாகவே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்குப் போகிறது. அதே பழக்கத்தை ஓர் எண்ணின் மேல் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எண் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கும் நூலகர்களுக்கு ஒரு தகவல்: 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர்.

கீழே சொல்வது தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில், ஒன்றரை மணி நேர வகுப்புகள் மூன்று நடத்துவதற்கான முறை.

முதலில் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள்

"நூலகம் நடத்தும் தரவறிவுப் பயிலரங்கம், அனைவரும் வருக" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் சான்றிதழுக்காக வருவார்கள். வகுப்பு ஒரு பாடத்தோடு ஒட்டியிருந்தால்தான் நிற்கும். பொருளியல், வணிகவியல், சமூகவியல், சமூகப்பணி, புவியியல் ஆகிய துறைகளில் புராஜெக்ட் இருக்கும். அந்தப் புராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். துறைத்தலைவரிடம் அனுமதி கேட்பது அதற்கு அப்புறம். தலைவரிடம் முதலில் போனால் விஷயம் சுற்றறிக்கையோடு முடிந்துவிடும்.

அந்த ஆசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சென்ற ஆண்டுப் புராஜெக்ட் ஏடுகள் நூலக அலமாரியிலேயே இருக்கும். ஐந்தை எடுத்து அட்டவணைகளை மட்டும் பாருங்கள். கீழே "ஆதாரம்: இணையம்" என்று இருப்பவை எத்தனை, "ஆதாரம்: முதன்மைத் தரவு" என்று மட்டும் போட்டு, எத்தனை பேரிடம் எப்போது கேட்டது என்று சொல்லாதவை எத்தனை, ஆதாரமே இல்லாதவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் பெயர் வேண்டாம். அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் காட்டினாலே ஆசிரியருக்குப் பேச்சு விளங்கிவிடும்.

அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தேதி: தலைப்பு முடிவான பிறகு, தரவு திரட்டத் தொடங்கும் முன் உள்ள இரண்டு வாரங்களுக்குள் மூன்று வகுப்பும் முடிய வேண்டும். தலைப்புக்கு முன்னால் நடத்தினால் மாணவருக்குத் தேவையே புரியாது. திரட்டிய பிறகு நடத்தினால் தப்பைச் சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடும். இன்னொன்று, மதிப்பெண். ஓர் எண் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது என்று மாணவர் வகுப்பில் ஓர் அட்டையில் எழுதுவார்; அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணாவது அந்த அட்டைக்கு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நூலகர் சொன்னால் எடுபடாது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அறை, கோப்பு, அட்டை

ஒரு தொகுதிக்கு 25 முதல் 30 பேர். கணினி 15 போதும், இருவருக்கு ஒன்று. தனித்தனியாகக் கொடுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் குழப்பம் வெளியே வருகிறது. உதவிக்கு நூலக உதவியாளர் ஒருவர் அறையில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இணையத்தை நம்பி வகுப்பைத் தொடங்காதீர்கள். 15 கணினியில் ஒரே நேரத்தில் ஒரே அரசுத் தளத்தைத் திறந்தால் பாதி திறக்காது. வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே கோப்புகளை இறக்கி, எல்லாக் கணினியிலும் ஒரே பெயருள்ள கோப்புறையில் போட்டுவிடுங்கள். பென்டிரைவில் ஒரு படி தனியாக இருக்கட்டும்.

கோப்பு சிறியதாக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கத்திலிருந்து தமிழ்நாட்டின் அப்போதைய 32 மாவட்டங்களை மட்டும் எடுத்து, மாவட்டக் குறியீடு, பெயர், மக்கள்தொகை, ஆண், பெண், 0–6 வயதுக் குழந்தைகள், எழுத்தறிந்தவர்கள் என ஏழு நெடுவரிசை கொண்ட கோப்பு ஒன்றைத் தயாரியுங்கள். இதைச் சுத்தமான கோப்பாக வைத்துக்கொண்டு, இதன் இன்னொரு படியை வேண்டுமென்றே கெடுத்து மூன்றாம் வகுப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். எப்படிக் கெடுப்பது என்பது பின்னால் வருகிறது.

அட்டைக்குச் செலவில்லை. கணினிப் பட்டியல் வந்த பிறகு பயனில்லாமல் கிடக்கும் ஐந்துக்கு மூன்று அங்குலக் கேட்டலாக் அட்டைகள் பல நூலகங்களில் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றின் பின்பக்கம் போதும். இல்லாவிட்டால் ஏ4 தாளை நான்காக வெட்டிக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு: கணினியே வேண்டாம்

கணினியை அணைத்து வைத்துவிட்டே தொடங்குங்கள். திரை எரிந்தால் கண் அங்கேதான் போகும். பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள்:

தமிழ்நாட்டு மக்கள்தொகை, 2011: 7,21,47,030
அவர்களில் 0–6 வயதினர்: 74,23,832
எழுத்தறிந்தவர்கள்: 5,18,37,507

"எழுத்தறிவு விகிதம் என்ன? கைபேசியில் போட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வேறு விளக்கம் தராதீர்கள். பெரும்பாலோர் 71.85 என்பார்கள். ஓரிருவர் குழந்தைகளைக் கழித்துவிட்டு 80.09 என்பார்கள். இந்த இடத்தில் யார் சரி என்று உடனே சொல்லிவிட்டால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். இரு தரப்பையும் தாங்கள் எதை எதால் வகுத்தோம் என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த தொகுதி, பகுதி என்ற சொற்களையே பயன்படுத்தலாம். இருவருக்கும் தொகுதி ஒன்றுதான், பகுதிதான் வேறு. 7,21,47,030இலிருந்து 74,23,832ஐக் கழித்தால் 6,47,23,198. அதுதான் கணக்கெடுப்புத் துறை பயன்படுத்தும் பகுதி. 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்தே விகிதம் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் ஐந்து வயது என்று இருந்தது. ஆகவே 1971ஐயும் 2011ஐயும் ஒரே கோட்டில் வரையும் மாணவர் அடிக்குறிப்பு ஒன்றாவது போட்டாக வேண்டும்.

இதற்கு இருபது நிமிடம் போகும். போகட்டும். மூன்று வகுப்பிலும் மாணவர்கள் மறக்காமல் வைத்திருப்பது இந்த ஒரு கணக்கைத்தான்.

அடுத்து அட்டை. ஒவ்வொருவரும் இந்த எண்ணுக்கு ஓர் அட்டை எழுத வேண்டும். அட்டையில் எட்டு வரி: எண்ணியவர் யார்; எந்தத் தேதியின் நிலவரம்; யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்; சொல்லின் வரையறை என்ன; பகுதி எது, அலகு எது; முழுக் கணக்கா மாதிரிக் கணக்கா; தற்காலிகமா இறுதியா; எங்கிருந்து, என்றைக்கு இறக்கினோம், கோப்பின் பெயர் என்ன.

இரண்டாவது வரியில்தான் அதிகம் சறுக்குவார்கள். வெளியான ஆண்டை எழுதிவிடுவார்கள். 2011 கணக்கெடுப்பின் நிலவரத் தேதி 2011 மார்ச் 1. இறுதி அட்டவணைகள் வந்தது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில். நூலுக்கு முதல் பதிப்பு ஆண்டும் மறு அச்சு ஆண்டும் வேறு என்பதை எடுத்துக்காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நான்காவது வரிக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். கணக்கெடுப்பில் எழுத்தறிந்தவர் என்றால், ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்தவர். வீட்டில் இருப்பவர் "தெரியும்" என்று சொன்னால் கணக்கில் ஏறிவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், ஒன்பதாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் படித்தவர்களையும், மற்றவர்களில் அட்டையில் காட்டிய வாக்கியத்தை முழுதாகவோ பகுதியாகவோ படித்துக்காட்டியவர்களையும் எழுத்தறிந்தவர் என்று கொண்டார்கள். பெண்களில் 15 முதல் 49 வயதினரிடம் மட்டுமே கேட்டார்கள். ஒரே சொல், இரண்டு அளவுகோல். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு எண்ணையும் கழித்து "வளர்ச்சி" என்று எழுதக்கூடாது என்பது சொல்லாமலே தெரிந்துவிடும்.

நேரம் மிச்சமிருந்தால் பாலின விகிதத்தை எடுங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள். 2019–21இல் நடந்த ஐந்தாம் குடும்பநல ஆய்வில் 1,020. பத்தாண்டில் பெண்கள் தொகை இப்படிப் பாய்ந்துவிடாது. குடும்பநல ஆய்வு ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளில் எடுத்த மாதிரி. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களைத்தான் அது எண்ணியது. விடுதியிலும் படைமுகாமிலும் வெளியூர் வேலையிடத்திலும் இருப்பவர்கள் அந்த வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள், அவர்களில் ஆண்கள் அதிகம். "யாரை விட்டார்கள்" என்ற வரி எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இரண்டாம் வகுப்பு: இதை யார் எண்ணியிருப்பார்கள்?

மாணவர் தேடுபொறியில் தலைப்பை அப்படியே தட்டுவார். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்கிறார். எண் உடனே வந்துவிடுகிறது, அட்டை வராது. இந்த வகுப்பின் விதி ஒன்றே: அட்டை எழுத முடியாத எண் ஏட்டில் ஏறக்கூடாது. செயலியைத் தடைசெய்யத் தேவையில்லை. அது சொன்ன எண்ணை மூல அட்டவணையில் கண்டுபிடித்துக்காட்டச் சொன்னால் போதும்.

தேடலைச் சொல்லிலிருந்து தொடங்காமல் ஆளிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். இந்த விஷயத்தை எண்ணவேண்டிய கடமையோ தேவையோ யாருக்கு இருக்கிறது? வேலையின்மை என்றால் புள்ளியியல் அமைச்சகத்தின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, 2017–18 முதல். வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடு. நெல் விளைச்சல் என்றால் மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் பருவமும் பயிரும் அறிக்கை. மகப்பேறு, ஊட்டச்சத்து என்றால் குடும்பநல ஆய்வின் மாவட்டத் தகவல் தாள். பல துறைகளின் கோப்புகள் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 2012இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்தநிலைத் தரவுத் தளம். அங்குள்ள கோப்புகளுக்கு 2017இல் வந்த அரசுத் திறந்தநிலைத் தரவு உரிமம் உண்டு, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு ஆய்வுத் தரவு தேடுபவரை ஆய்வுக் களஞ்சியங்களின் பட்டியலான ரீ3டேட்டாவுக்கு அனுப்பலாம்.

தளத்தின் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதில் பயனில்லை, தளங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. கணக்கெடுப்புத் துறைத் தளம் மாறியபோது பழைய புராஜெக்டுகளில் இருந்த எத்தனையோ சுட்டிகள் செத்துப்போயின. ஆகவே கோப்பை இறக்கியே தீர வேண்டும், இறக்கிய தேதியை அட்டையில் எழுத வேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தை இணைய ஆவணகத்தில் சேமித்து அந்தச் சுட்டியையும் குறித்துக்கொள்ளலாம்.

வேலையின்மைக் கோப்பைத் திறந்தவுடன் மாணவர் கேட்கும் முதல் கேள்வி, "இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது?" என்பதாக இருக்கும். ஒன்று, கடந்த 365 நாளை வைத்துப் பார்க்கும் வழக்கமான நிலை. இன்னொன்று, கடந்த ஏழு நாளை வைத்துப் பார்க்கும் வாராந்திர நிலை. அதில் ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால்கூட வேலையில் இருப்பவர்தான். எதை எடுப்பது என்று நாம் முடிவுசெய்ய வேண்டாம், அது துறை ஆசிரியர் வேலை. எடுத்ததை அட்டையில் எழுதவைப்பது நம் வேலை. இந்தக் கோட்டை ஆரம்பத்திலேயே தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். டி-சோதனை, தொடர்புப்போக்கு போன்ற புள்ளியியல் முறைகளைக் கேட்டு வருகிறவரைப் புள்ளியியல் துறைக்கு அனுப்பிவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

மூன்றாம் வகுப்பு: அழுக்குக் கோப்பு

இங்கேதான் கணினிக்கு முழு வேலை. சுத்தமான கோப்பை எடுத்து ஐந்து வகையில் கெடுத்து வைத்திருங்கள். ஐந்தும் நிஜத்தில் தினமும் நடப்பவைதான்.

முதலாவது, தமிழ் எழுத்துச் சிதைவு. மாவட்டப் பெயர்களைத் தமிழில் எழுதி, யு.டி.எஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் சி.எஸ்.வி கோப்பாக (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரைக் கோப்பு) சேமித்து, எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கச் சொல்லுங்கள். பல கணினிகளில் "மதுரை" இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் மாறிமாறி ஓடும். கோப்பு கெடவில்லை, எக்செல் அதைத் தவறான குறியாக்கத்தில் வாசிக்கிறது. சேமிக்காமல் மூட வேண்டும். அப்படியே சேமித்துவிட்டால் அந்தக் கிறுக்கலே கோப்பின் உள்ளடக்கமாகிவிடும். பிறகு வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பட்டியில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியாகப் போய், கோப்பு மூலம் என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யு.டி.எஃப்-8ஐத் தேர்ந்தால் மதுரை மதுரையாக வரும். லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்டுவிடும், அந்த வகையில் புதியவர்களுக்கு அது நல்லது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் கதை வேறு. அதைக் குறியாக்க மாற்றியில் போட்டு யூனிகோடாக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, எக்செலின் அதிகப்பிரசங்கம். வயதுப் பிரிவு 5-9 என்று தட்டினால் செப்டம்பர் 5 ஆக்கிவிடும். 01 என்ற மாநிலக் குறியீட்டின் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 12 இலக்கப் பதிவெண்ணை 'இ' சேர்த்த அறிவியல் குறியீடாகக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கியே விடும், திரும்பக் கிடைக்காது. தட்டும் முன், அல்லது இறக்கும் திரையில், அந்த நெடுவரிசையை 'உரை' என்று அமைப்பதே மருந்து. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே சில மரபணுக்களின் பெயர்களை மாற்றி 2020இல் அறிவித்தது. உயிரியல் மாணவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.

மூன்றாவது, கூட்டல் வரிசை. கணக்கெடுப்புக் கோப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகரம் என மூன்று வரிசை இருக்கும், மேலே மாநிலத்துக்கும் மூன்று இருக்கும். கெடுத்த கோப்பில் இவற்றையும் சேர்த்துவையுங்கள். மக்கள்தொகை நெடுவரிசையை அப்படியே கூட்டினால் 28,85,88,120 வரும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை நான்கு மடங்கு! இந்த எண்ணைப் பார்த்து எத்தனை இணைகள் தாமாகவே கையைத் தூக்குகின்றன என்று கவனியுங்கள். தூக்காதவர்களிடம், "தமிழ்நாட்டில் இருப்பது ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேளுங்கள். விடை எந்த அளவில் வரவேண்டும் என்று கூட்டுவதற்கு முன்பே ஒரு துண்டுத்தாளில் எழுதிவைக்கும் பழக்கம் இங்கிருந்து தொடங்கட்டும். வடிகட்டியில் 'மொத்தம்' மட்டும் தேர்ந்து, மாநில வரிசையை நீக்கிய பிறகு 32 வரிசை நிற்க வேண்டும். வரிசையை எண்ணுவது சின்ன விஷயமாகத் தோன்றும். 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் சேராமல் போனதற்குக் காரணம், 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தில் கோப்பைப் போட்டதுதான்.

நான்காவது, பெயர். கெடுத்த கோப்பில் விழுப்புரத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும், காஞ்சிபுரத்தை மூன்று விதமாகவும், ஓரிடத்தில் தூத்துக்குடி, இன்னோரிடத்தில் டூட்டிகொரின் என்றும் போட்டுவையுங்கள். சிலவற்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்றும் இருக்கட்டும். ஓப்பன் ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பொருத்தம். அது உலாவியில் திறந்தாலும் நம் கணினிக்குள்ளேயே ஓடுகிறது, தரவு வெளியே போகாது. ஒத்த பெயர்களை ஒன்றுசேர்க்க அதில் பல முறைகள் உண்டு. கைரேகை முறையில் இடைவெளியும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் தீரும். மெட்டாஃபோன் என்ற ஒலிப்பு முறையில் இரண்டு விழுப்புரமும் சேரும். தூத்துக்குடியும் டூட்டிகொரினும் எந்த முறையிலும் சேராது, ஊர் தெரிந்த ஆள்தான் சேர்க்க வேண்டும். நூலகத்தில் ஒரே ஆசிரியரின் பெயரை நான்கு விதமாக எழுதியதை ஒழுங்குபடுத்துகிறோமே, அதே வேலை.

ஐந்தாவதுதான் நுட்பமானது: பெயர் அதே, எல்லை வேறு. 2011இல் 32ஆக இருந்த மாவட்டங்கள் இப்போது 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவை 2019 நவம்பரிலும், மயிலாடுதுறை 2020 டிசம்பரிலும் செயல்படத் தொடங்கின. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் இணைத்தால் இந்த ஆறும் வெற்றாக நிற்கும், மாணவர் கண்டுகொள்வார். கண்டுகொள்ளாதது மற்றது: வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் ஐந்தும் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் 2011இன் வேலூரும் இன்றைய வேலூரும் ஒன்றில்லை. பழைய வேலூரிலிருந்து இரண்டு மாவட்டம் பிரிந்து போயிருக்கிறது. சென்னையோ எதிர்த்திசையில் வளர்ந்தது. 2011இல் 46,46,732 பேர், பரப்பு 175 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 26,553. 2018இல் மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் 10,908 வரும். நெரிசல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம்! இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லி, எது தவறு என்று அவர்களையே தேடவிடுங்கள். தீர்வு, புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு சேர்த்துப் பழைய எல்லைக்குக் கொண்டுவருவது. தாலுகா அளவுத் தரவு கிடைத்தால் கீழிருந்து கட்டலாம், அதற்கு ஒரு வகுப்பு போதாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இறக்கிய மூலக் கோப்பைத் தொடக்கூடாது. "மூலம்" என்று ஒரு கோப்புறை, "வேலை" என்று இன்னொன்று. கோப்பின் பெயரில் தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருந்தால் தானாகவே அடுக்கிக்கொள்ளும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஒரிஜினல் ஃபைனல்" என்று பெயர்வைக்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவோம்.

படம் வரைவது பற்றிச் சிறிது

படம் வரைய மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை, நம்மைவிட நன்றாகவே வரைவார்கள். ஒரே ஒரு தாளைக் காட்டினால் போதும். தமிழ்நாட்டின் பாலின விகிதம் 2001இல் 987, 2011இல் 996. பட்டைப்படத்தின் அச்சை 985இல் தொடங்கி வரைந்தால் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் ஐந்தரை மடங்கு உயரமாக நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பட்டைக்கு நீளம்தான் அர்த்தம், அதனால் பூஜ்யம் கட்டாயம். கோட்டுப் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அச்சில் எண்களைத் தெளிவாகப் போட்டால் போதும்.

மாணவர்கள் தாமே திரட்டும் தரவு

கூகுள் படிவம் போட்டு நூறு பேரிடம் கேட்பதுதான் இன்றைய பெரும்பாலான புராஜெக்ட். பெயர், கைபேசி எண், சாதி, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் கேட்டுவிடுகிறார்கள். "இந்த விவரம் இல்லாமல் உங்கள் அட்டவணை எது நின்றுபோகும்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேளுங்கள். கைபேசி எண் அநேகமாக எதற்குமே தேவைப்பட்டிருக்காது. படிவ அமைப்பில் மின்னஞ்சல் சேகரிப்பு தானாக இயங்குகிறதா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். 2023இல் டிஜிட்டல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருப்பதை நினைவூட்டலாம், ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, "உன் அக்காவின் எண்ணும் வருமானமும் இப்படி ஒரு கோப்பில் சுற்றினால் சரியா?" என்ற கேள்வி நன்றாக வேலைசெய்யும். நெடுவரிசையை மறைத்துவைப்பது நீக்கியதாகாது. கோப்பைப் பெறுபவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார்.

நல்ல தரவு ஒன்று சேர்ந்திருந்தால் அதைப் பென்டிரைவில் சாகவிடாதீர்கள். பெயர் நீக்கி, நெடுவரிசை ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கும் ஒரு பக்க விளக்கக் கோப்போடு ஜெனோடோவில் ஏற்றலாம். 2013இல் செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையம் தொடங்கிய இலவசக் களஞ்சியம் அது, ஏற்றும் தரவுக்கு டி.ஓ.ஐ என்ற நிலையான அடையாள எண் தருகிறது. ஒரு பக்க விளக்கம் எழுதுவது புதிய வேலை இல்லை. முதல் வகுப்பின் அட்டையைப் பெரிதாக்கினால் போதும்.

கற்றார்களா என்று பார்ப்பது

"வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா?" என்ற கருத்துப் படிவத்தால் எதுவும் தெரியாது, எல்லோரும் "மிக நன்று" போடுவார்கள். முதல் வகுப்பின் தொடக்கத்திலும் மூன்றாவதின் முடிவிலும் ஒரே வகையான மூன்று கேள்வி, பத்து நிமிடம், பெயர் எழுத வேண்டாம். ஒரு மாதிரிக் கேள்வி: தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001இல் 73.45 சதவீதம், 2011இல் 80.09. "எழுத்தறிவு 6.64 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதுவது சரியா? உயர்ந்தது 6.64 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 9.04. முதல் முறை இதை அநேகமாக யாரும் பிடிக்கமாட்டார்கள். இறுதியில் பாதிப் பேர் பிடித்தால் வகுப்பு நன்றாகப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான அளவுகோல் ஆண்டு முடிவில் வரும் ஏடுகள். தொடக்கத்தில் ஐந்து ஏட்டில் அட்டவணைகளைப் பார்த்தீர்களே, அதே பட்டியலோடு இந்த ஆண்டின் ஐந்தைப் பாருங்கள். "ஆதாரம்: இணையம்" குறைந்திருக்கிறதா? அந்த ஒப்பீட்டை அதே ஆசிரியருக்குக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு அவரே தேதி கேட்டு வருவார்.

கோப்புகளையும் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கும். தொழிலாளர் ஆய்வு 2025 ஜனவரி முதல் மாத வெளியீட்டுக்கும் காலண்டர் ஆண்டுக் கணக்குக்கும் மாறியிருக்கிறது. அதுவரை ஜூலை முதல் ஜூன் வரை ஓராண்டாக இருந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒட்டவைக்கும் மாணவருக்கு இன்னோர் அட்டை தேவை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நிலவரத் தேதி, பனிப்பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1. அதன் எண்கள் வரும்போதும் தற்காலிகம் முந்தி வரும், இறுதி பிந்தி வரும். புதிய கோப்பை இறக்கியதும் 2011 கோப்பை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கோப்புறையில் வைத்து, 32 வரிசையும் 38 வரிசையும் எங்கே பொருந்தவில்லை என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி, அட்டைக் கட்டோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.